ஏணிக்கிடங்கில் உடைகிற நிழல்

போடி மைதானத்தில் எங்கள் தட்டானை வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இவ்வளவு சின்னதா இருக்கே, விழுந்துறாதா?" விழும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? தட்டான் என்று நாங்கள் கூப்பிடுவது ஒரு சின்ன ஹெலிகாப்டர். ஓட்டுகிற ஆள், ஒரு நர்ஸ், ஒரு ஸ்ட்ரெச்சர், அவ்வளவுதான் கொள்ளும். சமவெளியில் இதை ஓட்ட யாருக்கும் ஆறு மாதத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். மலைப் பள்ளத்துக்குள் இறக்குவதுதான் வினை. இரண்டு பக்கமும் பாறை, கீழே மரம், நினைத்த நேரத்தில் திரும்ப இடம் கிடையாது. என் வீட்டுக்காரர் ரெமிஜியுஸ் அப்படி ஒரு பள்ளத்தில்தான் விழுந்தார். பதினோரு மாதம் ஆகிறது.

நானும் அதே வேலைதான். பெயர் செலஸ்தீனா, ஊர் தூத்துக்குடி. அவர் போய் மூன்றாவது மாதமே மறுபடி ஏறிவிட்டேன். "ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று அம்மா அழுதாள். அப்பா தடுக்கவில்லை. அவருடைய அண்ணன் கடலில் மூழ்கிப் போனபோது அண்ணன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுவாரமே கடலுக்குப் போனவர் அவர். ஏழு வருஷம் அந்தத் தொப்பியோடுதான் தொழில். எங்கள் வீட்டில் துக்கம் காப்பது இப்படித்தான். ரெமியின் கையுறையில் ஒரு ஜோடி அவரோடு போய்விட்டது. இன்னொரு ஜோடி வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பெரிதுதான். மணிக்கட்டில் நாலு தையல் போட்டு இறுக்கி மாட்டிக்கொண்டேன். என்னுடைய ஜோடி பீரோவுக்குள் போனது.

அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு ஏணிக்கிடங்கிலிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்கள். மூங்கில் ஏணி வைத்து ஏறி இறங்குகிற பள்ளம் என்பதால் அந்தப் பெயர். அடியில் நாற்பது குடும்பம், ஏலக்காய்த் தோட்டம். ரெமி விழுந்தது அங்கேதான்.

பேசியவர் காளியப்பன். குரலைக் கேட்டதுமே யாரென்று தெரிந்துவிட்டது. நாலு மாதத்துக்கு முன் இவர் மனைவியை எடுத்து வரத்தான் போயிருந்தேன். காய் பறிக்கும்போது கதண்டுக் குளவிக் கூட்டில் கை பட்டு முப்பது நாற்பது கொட்டு. மூன்று முறை இறங்கப் பார்த்தேன், முடியவில்லை, திரும்பிவிட்டேன். அந்த அம்மா சாயங்காலமே செத்துப்போனாள். "மலை விடலைங்க" என்று அன்றைக்கு இதே வயர்லெஸ்ஸில் நான் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

"தாயி, நீங்களா?" என்றார் காளியப்பன். "எம் மக மேல மரக்கிளை விழுந்துருச்சு தாயி. நெழல் மரத்தைக் கவாத்துப் பண்ணிக்கிட்டு இருந்தாக. முறியிற சத்தம் கேட்டு எல்லாரும் ஓடிட்டாக. இவளுக்கு ஓட முடியல. வயித்து மேலயே விழுந்துருச்சு."

"பேச்சு இருக்கா?"

"இருக்கு. தண்ணி தண்ணிங்கிறா. வயிறு கல்லாட்டம் இருக்கு."

பக்கத்தில் நின்ற தஸ்லிமா என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள். கம்பத்துப் பெண், எங்களோடு நர்ஸாகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. "அண்ணே, தண்ணி கொடுக்காதீங்க. உதட்டை மட்டும் நனைங்க. படுக்க வெச்சே இருங்க" என்றாள். பிறகு ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னாள். "உள்ள ரத்தம் கசியுதுக்கா. ரெண்டு மணி நேரம், மிஞ்சிப் போனா மூணு. டோலி கட்டித் தூக்கினா எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரோட்டுக்கு வர ஒன்பது மணி நேரம்."

அவள் ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு மருந்துப் பையை எடுக்கப் போனாள். ரிசீவரில் காளியப்பன் கேட்டார். "இன்னைக்காச்சும் மலை விடுமா தாயி?"

எங்கள் மெக்கானிக் குற்றாலிங்கம் அதற்குள் தட்டானிலிருந்து பெட்ரோலை இறக்கிக்கொண்டிருந்தார். தென்காசிக்காரர், ரெமிக்கு பத்து வருஷக் கூட்டாளி. போக வர எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை இறக்கிவிடுவார். அந்த உயரத்தில் காற்று லேசு, ஒவ்வொரு கிலோவும் கழுத்தைப் பிடிக்கும்.

"எம்மா, மூட்டம் நாலு மணிக்கெல்லாம் இறங்கிரும்" என்றார். "நிழல் உடைஞ்சா வந்துரு. ஒரு ஆளை அங்க விட்டது போதும்."

கிளம்பிப் பத்து நிமிஷம் தஸ்லிமா முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதில் எங்களுக்கு முன்னால் பச்சைக் கோட்டால் வரைந்த இன்னொரு தட்டான் பறந்துகொண்டிருந்தது.

"அக்கா, இதைத்தான் முன்னிழல்ங்கிறாங்களா?"

"ஆமா. இன்னும் இருபது செகண்ட்ல நாம எங்க இருப்போம்னு காட்டும். மலை பூரா காத்தைப் பார்க்கிற கருவி தூவி வெச்சிருக்காங்க, கடுகு சைஸ்ல. அந்தக் காத்தையும் ஓட்டுறவங்க கையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வரையுது."

"கையையா?"

"நான் எப்போ இழுப்பேன், எப்போ திருப்புவேன், எங்க பயப்படுவேன், எல்லாம் அதுக்குத் தெரியும். ஒரு வருஷம் எதையும் காட்டாம கூடவே உட்கார்ந்து எல்லார் கையையும் படிச்சுது. படிச்சு முடிச்ச பிறகுதான் கண்ணாடியில வந்துச்சு. அவர் இருந்திருந்தா அவருக்கும் காட்டியிருக்கும். மூணு மாசம் முந்திப் போயிட்டார்."

"ஓட்டுறது நீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"ஏறும்போது அடையாள அட்டையைத் தேய்க்கிறேன்ல. அதுலதான்."

அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று என்னைப் போன்றவளை வைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"அது உடைஞ்சா?"

"இருபது செகண்ட்ல நாம உடைவோம்னு அர்த்தம். மூணு தடவை உடைஞ்சா திரும்பிடணும், சட்டம். மீறினா லைசென்ஸ் போயிரும். நிழல் வந்த பிறகு இந்த மலையில ஒரு தட்டான்கூட விழலை, அதையும் சொல்லணும்ல." நான் அந்தக் கருவியை நம்பினேன். ரெமியைக் காப்பாற்றப் பிந்தி வந்துவிட்டதே என்று அதன் மேல் கோபம் இருந்தது, அவ்வளவுதான்.

ஏணிக்கிடங்கு மேலே அகலமாக ஆரம்பித்து இறங்க இறங்க நெருங்கும். அடியில், ஓடைக்கு நடுவே ஒரு சப்பட்டைப் பாறை. இறங்க அது ஒன்றுதான் இடம். விசிறிக்கு இரண்டு பக்கமும் ஒரு லாரி அகலம்தான் மிச்சம். வலது பக்கம் பாறைச் சுவரிலிருந்து ஒரு மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மூக்கில் இன்னும் வெள்ளையாக ஒரு கீறல் இருக்கிறது. ரெமியின் வால் விசிறி அடித்த இடம்.

முதல் முறை இறங்கினேன். நிழல் எங்களுக்கு முன்னால் பதமாக இறங்கிற்று. வேகம் குறைந்தது, நிமிர்ந்தது, சப்பட்டைப் பாறைக்கு இரண்டு ஆள் உயரத்துக்கு வந்தது. அங்கே அதன் வால் மெல்ல வலது பக்கம் ஒதுங்கியது. ஒதுங்கி, மூக்கில் பட்டு, சிவந்து, கண்ணாடி பூராவும் பொடியாகச் சிதறியது. நான் பவரைக் கொடுத்து மேலே தூக்கினேன்.

நாலு மாதத்துக்கு முன் மூன்று முறையும் இதேதான். விசாரணைக்கு வந்தவர்களும் ரெமி விஷயத்தில் இதைத்தான் எழுதினார்கள். பள்ளத்துக்குள் ஒரு சுழல்காற்று, கடைசி நேரத்தில் வாலைத் தள்ளிவிட்டது. என் புருஷனைத் தின்ற காற்று இன்னும் அங்கேயே பசியோடு உட்கார்ந்திருக்கிறது என்று நான் நம்பினேன். அதைப் பார்த்தால் எனக்குப் பயம். பயம் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இரண்டாம் முறை இடது சுவரை ஒட்டி இறங்கினேன். நிழல் மறுபடி அதே இடத்தில் உடைந்தது. இந்த முறை நான் உடனே திரும்பவில்லை. காற்று எங்கே இருக்கிறதென்று பார்த்துவிடுவோம் என்று அப்படியே நடுவில் நிறுத்தினேன். அதுதான் தப்பு. சடாரென்று காலுக்குக் கீழே தரை போனது மாதிரி தட்டான் இறங்க ஆரம்பித்தது.

"அக்கா, பவர் கொடுங்க, பவர் கொடுங்க."

"கொடுத்தா இன்னும் முங்கும்."

பக்கவாட்டில் சாய்த்து நழுவவிட்டேன். இடது சுவரில் தொங்கிய கொடிகள் விசிறிக் காற்றில் பிய்ந்து கண்ணாடியில் அடித்தன. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. தட்டான் பிடித்துக்கொண்டது. மேலே வந்த பிறகும் தஸ்லிமா என் இருக்கையின் கம்பியை விடவில்லை.

"என்னக்கா நடந்துச்சு?"

"விசிறி கீழ தள்ளுற காத்து சுவர்ல மோதி மேல வந்து மறுபடி விசிறிக்குள்ளயே விழும். அப்போ நம்ம காத்துலயே நாம முங்குவோம். திறந்த வெளியில இப்படி ஆகாது. பள்ளத்துக்குள்ள தயங்கி நின்னா ஆகும்."

"இதையெல்லாம் வேலைக்குச் சேரும்போது ஒருத்தரும் சொல்லலையே."

"சொன்னா யார் வருவா?"

வயர்லெஸ்ஸில் குற்றாலிங்கம் இரைந்தார். "எம்மா, இங்க ரெண்டு தடவை மணி அடிச்சிருச்சு. மூணாவதுக்குப் போகாத. வந்துரு." நிழல் உடையும்போதெல்லாம் மைதானத்தில் மணி அடிக்கும். மேற்கே முகட்டின் மேல் மூட்டம் பாலாடை மாதிரி படிய ஆரம்பித்திருந்தது. மணி மூன்று பத்து.

எங்கள் சத்தம் மேலே போவதைக் கீழே கேட்டிருப்பார்கள். காளியப்பன் குரல் வந்தது. "திரும்பிப் போறீகளா தாயி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"பரவால்ல தாயி. மலை விடலைன்னா நீங்க என்ன செய்வீக. அன்னைக்கும் உசுரக் கொடுத்துத்தான் பாத்தீக, நாங்க கீழ இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தோம். பாத்துப் போங்க. மூட்டம் வருது."

அந்த மனுஷன் என்னைத் திட்டியிருந்தால் நான் திரும்பியிருப்பேன். சத்தியமாகத் திரும்பியிருப்பேன். மகள் சாகக் கிடக்கிறாள், என்னைப் பார்த்துப் போகச் சொல்கிறார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவர் மேல், மலை மேல், என் மேல், செத்துப்போன ரெமி மேல் எல்லாம்.

முகட்டில் மரமில்லாத ஒரு மொட்டைப் பாறை உண்டு. அங்கே போய் இறக்கினேன்.

"இறங்கு" என்றேன் தஸ்லிமாவிடம்.

"நான் இல்லாம அந்தப் பொண்ணை எப்படி..."

"உன் கனம் கொறைஞ்சா நான் மேல வர்றது லேசு. வந்தேன்னா உன்னை ஏத்திக்கிறேன். வரலைன்னா குற்றாலிங்கம் அண்ணாச்சிக்கு வயர்லெஸ் பண்ணு, தேடி வருவாங்க."

"வரலைன்னான்னா என்னக்கா அர்த்தம்?"

நான் கதவைத் திறந்துவிட்டேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கதவைச் சாத்தப் போனவளை நிறுத்திக் கையுறையைக் கழற்றினேன். வியர்வையில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. பல்லால் தையலைக் கடித்துப் பிய்த்து இழுத்தேன்.

"இதை வெச்சுக்க. அவரோடது. ஒரு ஜோடி இந்தப் பள்ளத்துல விழுந்தது போதும். நான் போனாலும் இது போக வேண்டாம்."

அவள் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அழுதாளோ என்னவோ, விசிறிக் காற்றில் கண்ணைத் துடைத்தாள்.

வெறுங்கையோடு ஸ்டிக்கைப் பிடித்தது பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான். குளிர்ந்து கிடந்தது. பள்ளத்தின் வாய்க்கு வந்து தட்டானின் மூக்கைக் கீழே இறக்கினேன். கண்ணாடியில் நிழல் ஒரு கணம் காணாமல் போய் மறுபடி வந்தது. அதைப் பார்க்கவே கூடாதென்று தீர்மானம் செய்திருந்தேன். ஆனாலும் கண் போகாமல் இருக்குமா? பார்த்தேன்.

நிழல் இறங்கியது. நிமிர்ந்தது. சப்பட்டைப் பாறைக்கு இரண்டு ஆள் உயரத்துக்கு வந்தது. வால் ஆடவில்லை. நேராக இறங்கிப் பாறை மேல் உட்கார்ந்தது. பச்சையாக அங்கேயே இருந்தது.

காற்று நின்றுவிட்டது என்று நினைத்தேன். மாதா கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். யோசிக்க நேரமில்லை. அந்தப் பச்சைக் கோட்டுக்குள் என் தட்டானைக் கொண்டுபோய் வைத்தேன். இருபதாவது செகண்டில் பாறை மேல் நின்றேன். என்னைத் தள்ள ஒரு காற்றும் வரவில்லை.

பழைய கதவு ஒன்றின் மேல் கட்டி அந்தப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். பெயர் வேலுத்தாய், இருபது வயசு இருக்கும். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. காளியப்பன் குள்ளமான மனுஷன், முன்பக்கம் தலை வழுக்கை. நான் அவரை முதல் முறையாகப் பார்க்கிறேன். அவள் காலில் முழங்கால் வரைக்கும் அட்டைக்கடிக்குப் போடுகிற கம்பூட்ஸ் இருந்தது. கனமான ரப்பர், சேறு வேறு.

"அதைக் கழட்டுங்க. ஒவ்வொரு கிலோவும் இப்போ கணக்கு" என்று கத்தினேன்.

அவர் கழற்றினார். இழுத்ததும் வந்துவிட்டது, அவ்வளவு தொளதொளப்பு. நுனியில் துணி அடைத்திருந்தது. அவர் அதைக் கீழே போடாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டார். "நானும் வரட்டுமா தாயி?" என்று கேட்கத் தொடங்கியவர், பள்ளத்தையும் தட்டானையும் பார்த்துவிட்டு அவராகவே பின்னால் போய்விட்டார்.

மேலே வந்ததைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எஞ்சின் அலறியது, சிவப்பு விளக்கு எரிந்தது, ஒரு ஜாண் ஒரு ஜாணாக ஏறினேன். மொட்டைப் பாறையில் தஸ்லிமா ஏறிக்கொண்டபோது மூட்டம் அவள் இடுப்பு வரைக்கும் வந்திருந்தது. அங்கிருந்து கீழே சமவெளி திறந்து கிடக்கும், கனம் பெரிதில்லை. வழி பூராவும் அவள் வேலுத்தாயின் கை நரம்பைத் தேடி ஊசி ஏற்றிக்கொண்டு, "தூங்காத, என்னைப் பாரு, தூங்காத" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தேனியில் பெரிய ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் இறக்கினோம். மண்ணீரல் கிழிந்திருந்தது. எடுத்துவிட்டார்கள். பிழைப்பாள் என்று சாயங்காலம் ஆறு மணிக்குச் சொன்னார்கள்.

மைதானத்துக்குத் திரும்பினபோது குற்றாலிங்கம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் சரியில்லை.

"மூணாவது தடவை நிழல் உடையலையேம்மா" என்றார்.

"காத்து நின்னுருச்சு அண்ணாச்சி."

"நிக்கலை. இந்தா பாரு, மூணு தடவையும் ஒரே காத்து. ஒரு இம்மி மாறலை." அவர் என் கையைப் பார்த்தார். "கையுறை எங்க?"

"கழட்டிட்டேன். அது அவரோடது. எதுக்கு அதையும்..."

அவர் எழுந்திருக்கப் பார்த்து, எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எத்தனை நாளா அவன் கையுறையைப் போட்டிருக்கே?"

"மறுபடி ஏறின நாள்லேர்ந்து."

"நான் உன்னோடதுன்னுல்ல நினைச்சேன். எல்லாம் ஒரே கருப்பு." கம்ப்யூட்டரைக் காட்டி மெதுவாகப் பேசினார். "நீ தேய்க்கிற அட்டை வருகைப் பதிவுக்குத்தான்மா. ஆளை அது கையுறையிலதான் கண்டுபிடிக்கும். உள்ள சின்னதா ஒரு சில்லு இருக்கு. உன் கையில அவன் கையுறை இருந்தா ஓட்டுறது ரெமின்னுதான் அது நினைக்கும். ரெமி எப்படி ஓட்டுவானோ அப்படித்தான் வரையும்."

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு ரெமி இறக்குகிற விதம் நினைவுக்கு வந்தது.

ரெமிக்கு ஒரு பழக்கம் உண்டு. தரைக்கு வரும் கடைசி நேரத்தில் வாலை வலது பக்கம் ஒதுக்குவார். நோயாளியைத் தூக்கி வருகிற ஜனங்கள் அவசரத்தில் வால் விசிறிப் பக்கம் வந்துவிடக் கூடாது என்று. நல்ல மனசு. அகலமான இடத்தில் அதனால் ஒரு கேடும் இல்லை. ஏணிக்கிடங்கில் வலது பக்கம் பாறை மூக்கு இருந்தது.

"அப்போ அவரைத் தள்ளினது காத்து இல்லையா?"

"வாலைத் தள்ளுற காத்தே கிடையாதும்மா. கைதான்."

"பேரை எடுக்கணும்ல அண்ணாச்சி? செத்தவர் பேரை எடுத்திருக்கணும்ல?"

"உத்தரவு வந்துச்சு. நான்தான் உட்கார்ந்தேன். அது கேட்குது, ரெமிஜியுஸை நீக்கவான்னு. ஆமா, இல்லை, ரெண்டு பொத்தான். பத்து வருஷம் ஒண்ணா சாப்பிட்டவன்மா. எனக்கு விரல் வரலை. இல்லைன்னு அமுக்கிட்டேன். அவன் பேரு பாட்டுக்கு ஒரு மூலையில கெடந்துட்டுப் போகுது, யாருக்கு என்ன கெட்டுறப் போகுதுன்னு நினைச்சேன்."

நான் அவரை அறையக் கை ஓங்கினேன். பாதியில் கை நின்றது. அறைய எனக்கு என்ன யோக்கியதை? அவர் 'ஆமா' என்ற ஒரு பொத்தானை அமுக்கவில்லை. நான் ஒரு கையுறையைக் கழற்றவில்லை.

"இன்னைக்கு வெறுங்கையா இருந்தப்போ அது யாருன்னு நினைச்சுது?" என்று கேட்டேன்.

"யாருன்னு தெரியலைன்னா பொதுவா ஒரு ஆளுன்னு எடுத்துக்கும். சுமாரா ஓட்டத் தெரிஞ்ச யாரோ ஒரு ஆள்."

யாரோ ஒரு ஆள். சுமாராக ஓட்டத் தெரிந்தால் போதும், அந்தப் பாறையில் இறங்கியிருக்கலாம். நாலு மாதத்துக்கு முன்பும் இறங்கியிருக்கலாம். எட்டு மாதமாக எல்லாப் பள்ளத்திலும் அந்தப் பச்சை நிழலின் பின்னாலேயே போய் வந்தேன். ரெமி பின்னாலேதான் போயிருக்கிறேன், தெரியாமலே. தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காக என்னையே வெறுத்தேன்.

காளியப்பன் விடியவிடிய நடந்து காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். காலில் அட்டைக்கடி ரத்தம் காய்ந்திருந்தது, தோளில் ஒரு மஞ்சப்பை. மகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் விடிகாலை ஆறு மணியிலிருந்து அங்கேதான் இருந்தேன். தஸ்லிமா திருப்பிக் கொடுத்த கையுறை என் மடியில் இருந்தது.

"கும்பிடுறேன் தாயி" என்றார். "எம் பொஞ்சாதிக்குக் கொடுத்து வெக்கல. இவளுக்காச்சும் மலை விட்டுருச்சு."

"ஆமா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முடிந்தது. அவர் நிம்மதியாகப் போய்விடுவார். மலையைக் கோர்ட்டில் நிறுத்த முடியாது, மலை கோபித்துக்கொள்ளவும் செய்யாது. அந்த வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்தது.

"அன்னைக்கும் மலை விட்டிருக்கும்ங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். கையுறையைப் பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். இது யாருடையது, நான் ஏன் மாட்டினேன், கருவி யாரைப் பார்த்தது, வால் ஏன் ஒதுங்கியது, எல்லாம் சொன்னேன். குற்றாலிங்கம் அமுக்காத பொத்தானைச் சொன்னேன். உங்கள் மனைவி சாக வேண்டியவளே இல்லை என்பதையும் வாய் திறந்து சொன்னேன். எழுத்து மூலமாகவும் கொடுக்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றேன். 

சொல்லி முடித்தபோது வார்டில் டீ கொண்டு வந்தவன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் கேட்காமலே போனான். காளியப்பன் கையுறையை எடுத்தார். மணிக்கட்டில் பிய்ந்த தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"பெரிசா இருந்துச்சுன்னு தச்சீகளா?"

"ஆமாங்க."

அவர் மஞ்சப்பைக்குள் கைவிட்டு அந்தக் கம்பூட்ஸை எடுத்துக் கையுறைக்குப் பக்கத்தில் வைத்தார். சேறெல்லாம் கழுவித் துடைத்திருந்தது. ஒன்பது மணி நேரம் அதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார்.

"இவ அம்மாவோடது" என்றார். "அவ போனதுல இருந்து இவ இதைத்தான் போட்டுக்கிட்டுத் தோட்டத்துக்குப் போவா. பெரிசு. துணி அடைச்சுப் போட்டுக்குவா. நேத்துக் கிளை முறியிறப்ப எல்லாரும் ஓடிட்டாக. இவளுக்குக் கால் பூட்ஸுக்குள்ளயே சிக்கிக்கிருச்சு. பக்கத்துல நின்ன பிள்ளைக சொன்னாக."

நான் பூட்ஸையும் கையுறையையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் என்னை மன்னித்தாரா என்பது தெரியவில்லை. கேட்கிற தைரியமும் எனக்கு இல்லை. உள்ளேயிருந்து நர்ஸ் வந்து, பெண் கண் விழித்துவிட்டாள், அப்பாவைக் கேட்கிறாள் என்றாள். அவர் எழுந்தார். கையுறையை என் மடியில் திருப்பி வைத்தார். பூட்ஸை மறுபடி பைக்குள் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வார்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"எம் மககிட்ட இந்தக் கையுறைக் கதையைச் சொல்லிறாதீங்க தாயி" என்றார். "அவ அம்மாவோட பூட்ஸைத் தூக்கி எறிஞ்சிருவா."